காமி

அயனாவரம். சாலைக்குக் கீழே இருபத்தாறு மீட்டர்.
சுரங்கம் தோண்டும் எந்திரம்
இன்னும் பல்லைப் பதிக்காமல் நிற்கிறது.
தலைக்கவசத்தின் வார் என் காதை அறுக்கிறது.
ஒகுமுரா ஒரு காகிதப் பையிலிருந்து
உப்பு எடுக்கிறார், அரிசி எடுக்கிறார்
(நம்மூர்ப் பச்சரிசி, விலைச்சீட்டு ஒட்டியிருந்தது),
நாலு மூங்கில் நட்டுக் கயிறு சுற்றி
மின்னல்போல் மடித்த வெள்ளைத்தாள் தொங்கவிடுகிறார்.

மொழிபெயர்ப்பது நான்.
மணிக்கு இவ்வளவு என்று சம்பளம்.
களிமண், கசிவு, அழுத்தம், பாறை,
எல்லாவற்றுக்கும் இரண்டு மொழியிலும்
சொல் வைத்திருந்தேன்.
அவர் "காமி" என்றார்.

"எதக் காமிக்கணும்?"
பம்ப் ஓட்டும் கன்னியப்பன்
டார்ச்சை அடித்துச் சுவரைக் காமித்தார்.
ஈரத்தில் கறுத்த மண்.
ஒரு துளி.
யோசித்து, இன்னொரு துளி.
ஒகுமுரா குனிந்து பார்த்துவிட்டு
ஆமாம், அதுதான், என்றார்.

கடவுள் என்று சொல்லிப் பார்த்தேன்.
எந்தக் கடவுள்? பேர் வேண்டும், வாகனம் வேண்டும்.
சக்தி என்றேன்.
வெல்டர் அந்தோணிதாஸ் கையைக் கட்டி ஒதுங்கினார்,
கன்னியப்பன் எலுமிச்சம்பழத்துக்கு ஆள் அனுப்பினார்.
"கரண்ட்டா?" என்றான்
ஜார்க்கண்டிலிருந்து வந்து தமிழ் பழகும் பையன்.
அவன்தான் கொஞ்சம் கிட்டத்தில் வந்தான்.
வயரைப் பார்த்தால் தெரியாது.
தொட்டவனுக்குத் தெரியும்.

பத்து மதிப்பெண்ணுக்காக என்றோ விழுங்கிய சொல்
அப்போது தொண்டைவரை ஏறியது:
அணங்கு.
மலையில் இருக்கும், சுனையில் இருக்கும்,
துறையில் அலையோடு இருக்கும்.
முகம் கிடையாது.
கிட்டப் போனால் வருத்தும்.
இதை அவருக்கு எப்படிச் சொல்ல?
என் ஜப்பானியம் அமைந்தகரை மாடி வகுப்பு ஜப்பானியம்.
"இங்கேயும் அதற்கொரு பழைய பேர் உண்டு,
யாரும் இப்போது கூப்பிடுவதில்லை"
என்றுதான் வந்தது.

அப்படியானால் கோபமாயிருக்குமோ?
நிஜமாகவே கேட்டார்.
இல்லை, தூக்கம், என்றேன்.
கூலிக்குப் பேசுகிறவள்
சொந்தப் பதில் சொல்லக் கூடாது.
சொல்லிவிட்டேன்.

உலகத்தை யார் செய்தது என்று
தேநீர் நேரத்தில் கேட்டேன், கணக்கில் வராத கேள்வி.
பிளாஸ்டிக் கப்பை ஊதிக்கொண்டே சொன்னார்:
வெளியே நின்று யாரும் செய்யவில்லை.
முளைக்கிறது. கசிகிறது. புரளுகிறது.
அவ்வளவுதான்.
எது முளைக்கிறது, எது கசிகிறது
என்று நான் விடவில்லை.
அவர் சிரித்தார்.
எங்கள் மொழியில்
பாதி வாக்கியத்துக்கு எழுவாயே இருக்காதே, என்றார்.
எங்களுக்கும்தான்.
தோன்றா எழுவாய் என்று அதற்குப் பேர்கூட வைத்து
வினாத்தாளில் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இரண்டு முறை குனிந்தார்.
இரண்டு முறை கைதட்டினார்.
குழி ஒருமுறை திருப்பித் தட்டியது.
மேலே தண்ணீர் லாரி ஒன்று ஹாரன் அடித்தது.
கன்னியப்பன் எலுமிச்சம்பழத்தை நசுக்கினார்,
எந்திரத்துக்குச் சக்கரம் இல்லாததால் செருப்புக் காலால்.
கூட்டக் குறிப்பில் அந்த ஏழு நிமிடத்தை
"பாதுகாப்பு நடவடிக்கை" என்று எழுதினேன்.
யாரும் திருத்தவில்லை.

சுரங்கம் கெல்லீஸ் பக்கம் போய்விட்டது.
ஒகுமுராவும் போய்விட்டார், மணிலாவுக்கு என்று கேள்வி.
எனக்கு இப்போது கார்க் கம்பெனியில் வேலை,
போல்ட், நட், மன்னிப்புக் கடிதம்.

இன்று விடியலில், ஓட்டேரி, எங்கள் தெரு அடிபம்பு.
பிடியில் கை வைத்தபோது
இரும்புக்குள் ஏதோ ஏறிக்கொண்டிருந்தது,
வருமா வராதா என்று தன்னையே கேட்டபடி.
குடத்தை இறக்கி வைத்தேன்.
யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து
இரண்டு முறை தட்டினேன்.

"கொசுவாக்கா?" என்றாள்
பின்னால் நின்ற மெகராஜ்.

இருக்கலாம், என்றேன்.